வின்ஆம்ப்: மூடுவிழாவுக்குப் பிறகும் தொடரும் பழக்கம்

கணினியில் பாட்டுக் கேட்க உதவும் வின்ஆம்ப் மென்பொருள் டிசம்பர் 20-ஆம் தேதிக்குப் பிறகு கிடைக்காது என்று 2013 நவம்பரில் அதன் அப்போதைய உரிமையாளரான ஏஓஎல் நிறுவனம் அறிவித்தது. அப்போது என்னைப் போன்ற பலர் முதலில் செய்த காரியம், இன்ஸ்டாலரை இறக்கிப் பென்டிரைவில் பத்திரப்படுத்தியதுதான். அந்த டிசம்பரில் வந்த 5.666 பதிப்பை நான் பல வருடம் ஓட்டினேன். அதில் எதுவும் நின்றுபோகவில்லை. லாகின் கேட்காத, சர்வரை நம்பியிருக்காத மென்பொருளுக்கு மூடுவிழா நடத்தினாலும் வீட்டில் அது பாடிக்கொண்டேதான் இருக்கும்.

இத்தனை வருடம் விடாமல் வைத்திருக்கக் காரணம் கைப்பழக்கம். கீபோர்டின் கீழ்வரிசையில் இசட், எக்ஸ், சி, வி, பி என்று ஐந்து எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன இல்லையா? முந்தைய பாட்டு, ப்ளே, பாஸ், ஸ்டாப், அடுத்த பாட்டு என்று அதே வரிசையில் வேலை செய்யும். ஜே தட்டினால் தேடும் பெட்டி வரும். பாட்டின் பெயரில் நாலு எழுத்து அடித்து என்டர் தட்டினால் போதும். ஆயிரக்கணக்கில் எம்பி3 சேர்த்து வைத்திருப்பவருக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பாட்டு ஃபைலுக்குள் தலைப்பு, பாடகர் விவரங்களைத் தமிழில் (டேக்) போட்டு வைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கிளாசிக் ஸ்கினில், அதாவது வின்ஆம்பின் பழைய முகத்தோற்றத்தில், பாட்டின் தலைப்பு ஓடும் இடத்துக்கு ஸ்கினோடு வரும் பிட்மேப் (படமாக வரைந்த) எழுத்துருதான் பயன்படும். அதில் தமிழ் கிடையாது. பிரிஃபரன்சஸில் கிளாசிக் ஸ்கின்ஸ் பகுதிக்குப் போய் பிட்மேப் எழுத்துருவுக்கான டிக்கை எடுத்துவிட்டால் தமிழ் வந்துவிடும். அப்புறம், பிளேலிஸ்ட்டை எம்3யூ ஆகச் சேமிக்காமல் எம்3யூ8 ஆகச் சேமியுங்கள். அது யூனிகோட். இல்லாவிட்டால் தமிழ் ஃபைல் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். இன்றைய திரைகளில் 275-க்கு 116 பிக்சல் ஜன்னல் கண்ணுக்கே தெரியாது என்பவர்கள் கன்ட்ரோலோடு டி தட்டி இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

சரி, திரும்பி வந்த கதைக்கு வருவோம். 2014 ஜனவரியில் இணைய வானொலி நிறுவனமான ரேடியோனமி வின்ஆம்பை வாங்கியது. 5.8 வெளிவர 2018 அக்டோபர் ஆனது. 2022-இல் வந்த 5.9-இல் பெரும்பாடு உள்ளே நடந்தது: விஷுவல் ஸ்டுடியோ என்ற நிரலாக்கக் கருவியின் 2008 பதிப்பில் கிடந்த கோடை 2019 பதிப்புக்கு மாற்றினார்கள். வெளியே பார்த்தால் எதுவும் மாறவில்லை. பழைய ஸ்கின் அப்படியே ஏறியது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பழைய பயனருக்குச் செய்யும் மரியாதை இதுதான். 2002-இல் வின்ஆம்ப் 3 வந்தபோது பழைய ப்ளக்இன்கள் (கூடுதல் வசதிகள்) வேலை செய்யாமல் போய், பலர் 2-க்கே திரும்பிப் போனதை மறக்க முடியுமா?

ஆனால் அதே 2022 கடைசியில் 5.9.1-இல் என்எஃப்டி (பிளாக்செயினில் உரிமை பதிந்து விற்கும் டிஜிட்டல் பொருள்) இசையைச் சேர்த்தார்கள். நான் அறிந்த வின்ஆம்ப் ஆட்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. 2024 செப்டம்பரில் மூல நிரலைக் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் வைத்தபோது ஆசையோடு போய்ப் பார்த்தேன். மாற்றியமைத்த பதிப்பை வெளியிடக் கூடாது என்ற உரிமம்! எதிர்ப்புக் கிளம்பியது, அடுத்த மாதமே அந்தக் களஞ்சியத்தை நீக்கிவிட்டார்கள். நிரலைத் திறந்து விட்டிருந்தால் இதை வளர்க்கக் காத்திருந்த கைகள் எத்தனையோ. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

புதிதாகப் போடுபவர்கள் பழைய 5.666-ஐத் தேடி அலைய வேண்டாம், 5.9.2 நன்றாகவே ஓடுகிறது. இன்னும் அடிக்கடி மெருகேறுவது வேண்டுமென்றால் முன்னாள் வின்ஆம்ப் நிரலாளர் ஒருவர் தனியாக வளர்க்கும் வாக்கப் (WACUP) என்ற பிளேயரைப் பாருங்கள். ஸ்ட்ரீமிங் மட்டும் கேட்பவர்களுக்கு இரண்டுமே தேவைப்படாது. சொந்தமாகப் பாட்டுச் சேர்ப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.