சட்டத்தையே எதிர்த்து மனு: சென்னையா, டெல்லியா?

மாநில அரசின் நில எடுப்புச் சட்டம் ஒன்றை எதிர்த்து ஏழு பேர் சேர்ந்து மனுப் போடக் கிளம்பினோம். எங்கே போடுவது என்பதிலேயே முதல் சண்டை. மைத்துனருக்கு நேரே சுப்ரீம் கோர்ட், அரசியல் சட்டத்தின் 32வது பிரிவு. எனக்கு ஹைகோர்ட், அதே சட்டத்தின் 226. கடைசியில் சென்னைக்குத்தான் போனோம், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தூரம், செலவெல்லாம் தெரிந்த கதை, விடுங்கள். விஷயம் எதைச் சொல்லி உள்ளே நுழைகிறோம் என்பதில் இருக்கிறது. 32 அடிப்படை உரிமைக்கு மட்டும். சொத்துரிமையை 1978-ல் 44வது திருத்தம் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து 300ஏ-வில் வைத்துவிட்டது, அதனால் நிலம் போகிறது என்று மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது, சமத்துவ உரிமை தரும் 14வது பிரிவு மாதிரி ஏதாவது ஒன்றைப் பிடித்தாக வேண்டும். 226-ல் அந்தச் சங்கடம் இல்லை. மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய சட்டத்தோடு முரண்படுகிறது என்ற வாதமே போதும். 2019 ஜூலையில் தமிழ்நாட்டின் மூன்று நில எடுப்புச் சட்டங்கள் ஹைகோர்ட்டில் விழுந்தது அந்த முரண்பாட்டு வாதத்தில்தான். (அதே வருடம் புதுச் சட்டம் போட்டு 2013-லிருந்தே செல்லும் என்று மீட்டுக்கொண்டார்கள், 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைச் சரி என்றது. ஜெயித்தாலும் நிம்மதி இல்லை!)

அப்புறம், சென்னையில் தோற்றால் டெல்லி இருக்கிறது. டெல்லியிலேயே ஆரம்பித்துத் தோற்றால் சீராய்வு மனு, அதையும் விட்டால் க்யூரேட்டிவ் என்கிற கடைசித் திருத்த மனு, அவ்வளவுதான். முதலில் ஹைகோர்ட்டுக்குப் போங்கள் என்று அங்கேயே திருப்பி அனுப்புவதும் சகஜம்.

எங்கள் மனு முதல் தடவை வழக்காகப் பதிவாகி நம்பர் ஆகாமல் திரும்பி வந்தது. தப்பு எங்களுடையது. சட்டம் முழுவதும் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டுவிட்டு, அஃபிடவிட்டில் ஒரே ஒரு பிரிவைப் பற்றித்தான் எழுதியிருந்தோம். எந்தப் பிரிவு, எதனால் செல்லாது என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

சிவில் கோர்ட் வழியில் நான் போனதில்லை. அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ், அப்புறம் அட்வகேட் ஜெனரலுக்கு நோட்டீஸ், கீழ்க் கோர்ட்டுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று பட்டாலும் தானே தீர்ப்புச் சொல்லாமல் ஹைகோர்ட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். சுற்றி வந்து அதே வாசல்.

சட்டத்துக்கே ஸ்டே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், சட்டம் செல்லும் என்று வைத்துக்கொண்டுதான் கோர்ட் விசாரிக்கத் தொடங்கும். எங்களுக்கும் ஸ்டே கிடைக்கவில்லை. நிலம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று தனி மனுவில் கேட்டிருந்தோம், அதை மட்டும் கொடுத்தார்கள்.