38,000 ரூபாய்க் களிம்பு

பெரம்பூர் ஐசிஎஃப்பில் ரயில் பெட்டிகளுக்குக் கம்பி இணைத்தே 31 ஆண்டுகள் கழித்தவன் நான். அடுத்தவர் கையில் ஸ்பேனரைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. மூலக்கடையின் இந்தச் சிறிய கார் பட்டறையில் இரண்டரை மணி நேரம் குறுக்கே பேசாமல் நின்றேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கியிருந்தபோது காரை இறக்கியது என் தவறு. வியாசர்பாடிப் பிள்ளைகள்கூடச் செய்யாத காரியம். நான்கு நாள் கழித்து, எங்கள் ஏஎம்டி கார் நியூட்ரலை விட்டு வர மறுத்தது. திரையில் 'என்' எழுத்து கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.

ஏஎம்டி காரின் உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை செய்கிறது. அதற்கு ஆணையிடும் பெட்டிதான் டிசிஎம். முதலில் போன சர்வீஸ் நிலையத்தில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "டிசிஎம் போய்விட்டது, 38,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். பானட்டைக்கூடத் தூக்கவில்லை.

மூலக்கடைத் தம்பிக்கு வயது 25 இருக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியவுடன் தேநீர் குடிக்கக் கிளம்பிவிட்டார். சோம்பேறி என்று மனதுக்குள் திட்டினேன். திரும்பி வந்தவர், "மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று விட்டேன் சார்" என்றார். அதற்குப் பிறகுதான் மனதுக்குள்ளும் வாயை மூடினேன்.

பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்தார். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே பிஸ்கட் டப்பா மூடியில் அடுக்கினார். டிசிஎம்மின் கனெக்டரைக் கம்பியோடு பிடித்து இழுக்கவில்லை. பூட்டு நெம்புகோலை மெதுவாகத் தூக்க, அது தானாகவே விலகி வந்தது. கம்பியைப் பிடித்து இழுத்த எத்தனை பயிற்சிப் பையன்களின் கையைத் தட்டிவிட்டிருப்பேன்!

உள்ளே இரண்டு ஊசிகளில் ஈரத்தால் பூத்த பச்சைக் களிம்பு. அவ்வளவுதான். கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்து ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு கம்பிகளை மல்ட்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. "ஒட்டி மூடியது சார், திறந்தால் மறுபடி நீர் புகாமல் மூட முடியாது." மாட்டி முடித்ததும் ஸ்கேனரை வைத்துக் கிளட்ச், கியர் நிலைகளை அந்தப் பெட்டிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார். கூலி 2,200 ரூபாய்.

குறைகளும் உண்டு. உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. லாரிப் புழுதியில் சட்டை நிறம் மாறிவிட்டது. ரசீது கேட்டால், ஏதோ சீர்வரிசை கேட்டதுபோலப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேட்டரித் தட்டின் கிளிப் ஒன்றைக் காணவில்லை. மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நானே கேபிள் டை போட்டுக் கட்டினேன்.

மூன்று மாதமாகக் கார் மக்கர் செய்யவில்லை. 5க்கு 4 கொடுக்கிறேன். மீதி ஒன்று கிளிப் கிடைத்தால்.