மதுரை மொட்டைமாடியில் நான்கு வருடப் பனி

என் முதல் பனியை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. எங்கள் வீட்டில் இன்னமும் பச்சரிசி மாவில்தான் கோலம். அம்மாச்சியின் டப்பாவிலிருந்து இரண்டு கை அள்ளி மொட்டைமாடியில் ஒரு பலகைமேல் தூவி, ஆறு அங்குல, கைகால் மடங்கும் பொம்மையான ராணுவ வீரன் ஆக்‌ஷன் ஃபிகரை முழங்கால் வரை புதைத்துவிட்டு, கேமரா எடுக்கக் கீழே போய்த் திரும்புவதற்குள் அவன் காலைச் சுற்றி ஒரு கறுப்பு வரிசை. "அது எறும்புக்குப் போடுற மாவுதானடா, திங்காம என்ன செய்யும்?" என்று அம்மாச்சிக்கு ஒரே சிரிப்பு. நான்கு மார்கழி ஆகிவிட்டது. அதற்குள் பொம்மைகளைப் பனியில் நிற்பதுபோலப் படம் எடுப்பதற்காக வீட்டில் வெள்ளையாக இருக்கும் எல்லாவற்றையும் பனியாக்கிப் பார்த்துவிட்டேன்.

தூள் உப்பு வேண்டவே வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பனி தெரியாது, கல்கண்டுதான் தெரியும். ஆறு அங்குலப் பொம்மை என்பது ஏறக்குறைய 1/12 அளவு, ஆக அரை மில்லிமீட்டர் உப்புக்கல் அவன் உலகத்தில் ஆறு மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஆலங்கட்டி. போதாததற்கு ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து நீர்விட்டு, ஒரு பொம்மையின் முதுகில் இருந்த குட்டி ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைத்துவிட்டது. தெர்மாகோல் என்றதும் மதுரைக்காரர்கள் 2017-இல் வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டதை நினைத்துச் சிரிப்பீர்கள், சிரியுங்கள். உதிர்த்த மணிகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு ஊதினாலும் போகாது. ஆனால் உடைந்த பெட்டித் தெர்மாகோலை மேடாகச் செதுக்கி அடியில் வைக்க அதைவிட நல்லது கிடையாது. பின்னால் தூரத்து மலைக்குப் பழைய தலையணையில் இருந்த இலவம்பஞ்சே போதும்.

அந்த மேட்டின்மேல் நான் தூவுவது ஆப்பசோடா. கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கிவிடுவேன். மாவு போல நைசாக இருப்பதால் பொம்மையின் கால்தடம் விளிம்பு சிதையாமல் பதியும், டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினால் தோளிலும் தொப்பியிலும் படிந்து உட்காரும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், நான் ஒருநாள் கட்டாமல் சாயங்காலம் வரை தும்மினேன். குறை என்றால் மழைக்காலத்தில் கட்டிதட்டும், அப்புறம் மூட்டுக்குள் போய் நறநறவென்று அரைக்கும். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு வெறும் தண்ணீரில் அலசினால் கரைந்துவிடும்.

அடுத்தது ஆன்லைனில் வரும் 'இன்ஸ்டன்ட் ஸ்னோ'. குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற நீர் உறிஞ்சும் பொடிதான் இதுவும். தண்ணீர் ஊற்றினால் பொலபொலவென்று பொங்கும் என்று வீடியோவில் காட்டுவார்கள். எனக்குப் பொங்கவில்லை, கூழாகத்தான் நின்றது. ஏமாற்றிவிட்டான் என்று விற்றவனைத் திட்டினேன், பாவம், குற்றம் எங்கள் போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் இந்தப் பொடி சரியாக ஊதாது. கேன் தண்ணீர் ஊற்றியதும் அதே பொடி கிண்ணத்தைவிட்டு வழிந்தது. புதிதாக விழுந்த பனியின் அந்தக் குவியலும் ஈர மினுமினுப்பும் வேறு எதிலும் எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவேண்டும். படம் எடுத்து முடித்துப் பொம்மையைக் காயவைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் தூசி போகட்டுமே என்று தண்ணீரில் அலசினேன். முழங்கை மூட்டுக்குள் காய்ந்து கிடந்த துணுக்கெல்லாம் மறுபடி ஊதி, கை மடங்காமல் விறைத்து நின்றது. ஊசியால் தோண்டிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. கடைசியில் காப்பாற்றியது நான் வேண்டாம் என்று ஒதுக்கிய உப்புதான். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் அந்த ஜெல் நீரைக் கக்கிச் சுருங்கிவிடுகிறது, பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் தீர்ந்தது. துணி அங்கி போட்ட பொம்மைகளை நான் இந்தப் பனியில் இறக்குவதே இல்லை.

பொடியில் செலவழித்த காசைவிட வெளிச்சத்தில் செலவழித்த பொறுமைதான் அதிகம். வெயில் நேராக விழுந்தால் எந்தப் பொடியும் பொடியாகத்தான் தெரியும். காலையில் சூரியன் கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்கு முந்தைய அரைமணி நேரம், இல்லையென்றால் அது இறங்கிய பிறகு. கேமராவை அதன் இஷ்டத்துக்கு விட்டால் வெள்ளை முழுவதையும் சாம்பலாக்கிவிடும், ஏனென்றால் காட்சி எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே அது வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1, சில நாள் +1.5 வரை ஏற்றுகிறேன். படத்தின் நிறச் சாயலை மாற்றும் ஒயிட் பேலன்ஸை 4500 கெல்வின் பக்கம் இறக்கினால் நிழலெல்லாம் நீலம் பாய்ந்து குளிர் வந்துவிடும். பனி விழுவது தெரிய விளக்கு பின்னால் இருக்கவேண்டும், முன்னால் வைத்தால் ஒரு துகளும் தெரியாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடியானால் துகள் அந்தரத்தில் நிற்கிறது, 1/60-இல் கோடாகிறது. எனக்குக் கோடுதான் பிடிக்கும், காற்றடிப்பது மாதிரி இருக்கும்.

நிழல் நீலமாக இருக்கவேண்டும் என்பது கொடைக்கானலில் புரிந்தது. போன ஜனவரியில் ஏரிப் பக்கம் உறைபனி என்று கேள்விப்பட்டு அந்த வீரனை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு போனேன். விடியும் நேரம் புல்வெளியில் குப்புறப் படுத்துப் பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ரம்பப் பல்லாகப் பனி, அவனுக்கு அது இடுப்பளவுக் கரும்புக்காடு. விரல் மரத்து ஷட்டரை அமுக்கத் தெரியவில்லை. வெயில் வந்ததும் நின்ற இடத்திலேயே எல்லாம் தண்ணீர். மொத்தம் பதினோரு படம், உருப்படி இரண்டு.

இன்ஸ்டன்ட் ஸ்னோ ஒரு பாக்கெட் எனக்கு இரண்டு வருடம் வந்தது. ஒவ்வொரு முறையும் படம் எடுத்து முடித்ததும் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய வேட்டித் துணியால் மூடி மாடியில் வைத்தால், சித்திரை வெயிலில் சீக்கிரமே சுருண்டு பழையபடி பொடியாகிவிடும். நாலைந்து தடவைக்குமேல் பொங்குவது குறைகிறது, அதை முன்வரிசையில் வைக்காமல் பின்னால் தள்ளிவிடலாம். பக்கத்துத் தாம்பாளத்தில் அம்மாச்சியின் வடகம் காயும். இரண்டும் வெள்ளை என்பதால் என் தாம்பாளத்தில் சிவப்பு நூல் கட்டச் சொல்லிவிட்டார்.