காய்ச்சலில் சாதகம்: குழலா, வீணையா, மிருதங்கமா?

சென்னையில் மழை ஓய்வதற்குள் சபாக்களில் மார்கழிக் கச்சேரி களைகட்டிவிடும். டெங்குவும் சளிக்காய்ச்சலும் வீடு வீடாகச் சுற்றுவதும் அதே சமயத்தில்தான். டிசம்பரில் மேடையேற வேண்டிய பிள்ளை படுத்துவிட்டால், "சாதகம் (அன்றாட வாசிப்புப் பயிற்சி) விட்டுப்போகுமே" என்ற கவலை வீட்டில் எல்லோரையும் பிடித்துக்கொள்ளும். வாசிக்கலாமா கூடாதா என்பதை வாத்தியத்தையும் காய்ச்சலையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குழல்காரர்கள் பலர் "மெதுவாக ஊதிக்கொள்கிறேன்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூக்கடைப்பில் மூச்சு முழுவதும் வாய் வழியாகத்தான் போகும். தொண்டை வறண்டு, ஸ்வரத்தை நீட்டிக் கார்வை பிடிக்கும்போதே இருமல் கிளம்பும். நாகஸ்வரம் இன்னும் கடினம். சீவாளிக்கு (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) கொடுக்கும் அழுத்தத்தில் காது அடைத்து வலிக்கலாம். அதற்குப் பதில் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, ஊதாமல் விரலை மட்டும் ஓட்டுங்கள். ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வரும் ஜண்டை வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) இப்படி ஓட்டிப் பாருங்கள்: எந்த விரல் துளையை அரைகுறையாக மூடுகிறது, எது முந்திக்கொண்டு எழுகிறது என்பது பளிச்சென்று தெரியும். அரைமூச்சில் ஊதுவதைவிட இதில் பலன் அதிகம்.

அப்புறம், குழலின் வாய்த்துளையை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். வெந்நீரில் முக்கினால் மூங்கில் விரிசல் விடும். உடம்பு சரியில்லாதபோது வாயில் வைத்த குழலையோ சீவாளியையோ இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

வீணைக்கு இந்த மூச்சுத் தொல்லை இல்லை. லேசான சளி என்றால் கால் மணி நேரம் வாசித்து எழுந்துவிடலாம். சிக்குன்குனியா என்றால் கதையே வேறு. விரல் மூட்டும் மணிக்கட்டும் வீங்கியிருக்கும்போது தந்தியை இழுத்து, ஸ்வரத்தை அசைத்துக் கமகம் பிடிப்பது வம்பு. பாராசிட்டமால் போட்டதும் வலி அடங்கும், ஆனால் வீக்கம் அப்படியே இருக்கும். மாத்திரை தரும் தைரியத்தில் வாசிக்க உட்காராதீர்கள். அந்த வாரங்களில் கேட்டுக் கேட்டே கற்கும் கேள்வி ஞானம்தான் சாதகம்.

டெங்குவில் எந்த வாத்தியமும் வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும் சமயம்தான் ஆபத்தானது. பிள்ளை தெளிந்துவிட்டதாக நினைத்து வாத்தியத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மிருதங்கக்காரர்கள், டெங்குவில் குறையும் ரத்தத் தட்டணுக்கள் மறுபடி ஏறி, மருத்துவர் சரி என்ற பிறகு வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல்) கை வைக்கலாம். அதுவரை, தெம்பு இருந்தால், படுத்தபடியே சொற்கட்டை (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) மனசுக்குள் ஓட்டலாம்.