வேதியியல் வகுப்பில் ஆர்.டி.கிட்: ஒரு செமஸ்டர் ஓட்டிப் பார்த்த அனுபவம்

வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். போன செமஸ்டர் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை நண்பரும் நானும் இரண்டு துறைப் பிள்ளைகளையும் ஒரே லேபில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தோம், அதற்குப் பயன்படுத்தியது ஆர்.டி.கிட், மூலக்கூறுகளைக் கணினியில் கையாள பைத்தான் நிரல்மொழியில் பயன்படுத்தும் தொகுப்பு. 2006-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, மருந்து கம்பெனிகளே பயன்படுத்துகிற சரக்கு. லைசென்ஸ் பணத்துக்கு ஃபைல் போட்டு அலைய வேண்டாம், எங்கள் மாதிரி கல்லூரிக்கு அதுவே பெரிய நிம்மதி.

மூலக்கூறை ஸ்மைல்ஸ் என்ற எழுத்து வரிசையாக அடித்தால் படம் வரைந்து காட்டும். எத்தனாலுக்கு சி, சி, ஓ, அவ்வளவுதான். பென்சீனுக்கு ஆறு சின்ன சி (சின்ன எழுத்து என்றால் அரோமாட்டிக் கார்பன், அதாவது பிணைப்பு எலக்ட்ரான்களை வளையம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் கார்பன்), வளையம் மூடும் இடத்தைக் காட்ட முதல் சி-க்கும் கடைசி சி-க்கும் பக்கத்தில் ஒரு 1. குடியாத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஆறையும் பெரிய எழுத்தில் அடித்துவிட்டாள். அறுகோணம் வந்தது, ஆனால் உள்ளே இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லை, மூலக்கூறு எடை 78.11-க்குப் பதில் 84.16. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், ஆறு ஹைட்ரஜன் கூட வந்துடுச்சு, இது சைக்ளோஹெக்சேன்" என்று அவளே சொன்னாள். கரும்பலகையில் நான் மூன்று வகுப்பு எடுத்தும் புரியாத அரோமாட்டிக் தன்மை அன்றைக்குப் புரிந்தது.

இன்னொரு பையன் நான்கு பிணைப்பு மட்டுமே தாங்கும் கார்பனுக்கு ஐந்து கொடுத்தான். 1-ஆம் அணுவில் பிணைப்பு 5, அனுமதி இல்லை என்று பிழைச்செய்தி வந்தது. அவன் முதல் கார்பனைத் துருவிக்கொண்டிருக்கிறான், தப்பு இருப்பதோ இரண்டாவதில். நிரல் 0-இலிருந்து எண்ணும் என்று நண்பர் எழுந்து வந்து சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நம்ம ஊருக்கு ஏற்ற பாடமும் கிடைத்தது. தோல் பதனிடக் கடுக்காய் போடுவது ஆம்பூர், ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்குத் தெரியும். கடுக்காயில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புப் பொருளான டானினில் இருக்கும் காலிக் அமிலத்தை வரைந்தோம். எடை 170.12, ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கக்கூடிய இடம் 4 என்று எண்ணிக் காட்டியது. டானின் தோலின் புரதமான கொலாஜனை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்ற பேச்சு மணி அடித்த பிறகும் ஓடியது. சரி, அப்படியானால் தோல் பதனிடப் போடும் குரோம் உப்பையும் வரையலாமே என்று கேட்டார்கள். அங்கேதான் இடறுகிறது. இது கரிம மூலக்கூறுகளை மனதில் வைத்துச் செய்தது, குரோம் மாதிரி உலோக அணுவைச் சுற்றி மற்றவை ஒட்டியிருக்கும் அணைவுச் சேர்மங்களில் தடுமாறும். அந்தப் பாடத்துக்குக் கரும்பலகைக்கே திரும்பினேன்.

கையேடு முழுக்க ஆங்கிலம், அதுவும் பைத்தான் தெரிந்தவர்களுக்கு எழுதியது. அதனால் முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போகும். வேதியியல் ஆசிரியர் தனியாளாக எடுப்பதென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்துத் துறையில் கூட வர ஒருவர் இருந்தால் அடுத்த செமஸ்டரே ஆரம்பியுங்கள், முதல் நாளே பென்சீனை அடிக்கச் சொல்லுங்கள்.