கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவலோடு 11 வருஷம்

1998-ல் ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் ஒரு பழைய புத்தகக் கடையில் 15 ரூபாய்க்கு வாங்கியது, ‘தி சில்வர் சோர்டு’. இயன் செராய்லியர் எழுதி 1956-ல் வந்த நாவல். பின் அட்டை இல்லை. கடைசியில் கொஞ்சம் பக்கங்களும் இல்லை என்று கடைக்காரர் சொல்லவில்லை, நானும் புரட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டே நாளில் படித்து முடித்தேன், அதாவது இருந்த வரைக்கும். ஏரியில் புயல், படகு, ஒரு பையன் தன் நாயை விட்டுவிட்டு நண்பனைக் காப்பாற்றப் போகிறான், அத்தோடு காகிதம் தீர்ந்துவிட்டது. சரி, ஆங்கில நாவல் இப்படித்தான் முடியும்போல என்று நினைத்துக்கொண்டேன், சத்தியமாக.

கதை தெரியாதவர்களுக்கு: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தில், வார்ஸாவில் ஜோசப் பாலிக்கி என்ற பள்ளித் தலைமையாசிரியர், வகுப்பறையில் மாட்டியிருந்த ஹிட்லர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்ததற்காக அவரைச் சிறை முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் இரவு அவர் மனைவியையும் கொண்டுபோகிறார்கள். ரூத், எடெக், ப்ரோனியா மூன்று பிள்ளைகளும் கூரை மேல் ஏறித் தப்பித்து, இடிந்த கட்டடத்து நிலவறையில் வாழ ஆரம்பிக்கிறார்கள். அப்பா முகாமிலிருந்து தப்பித்து வந்து பார்த்தால் வீடு வெறும் கற்குவியல். அந்தக் குவியலில் கிடைத்த ஒரு சின்னக் கத்தியை, மனைவிக்குத் தானே பரிசாகக் கொடுத்திருந்த, கடிதம் பிரிக்கிற வெள்ளிக் கத்தியை, ஜான் என்ற தெருப்பையனிடம் கொடுக்கிறார். என் பிள்ளைகளைப் பார்த்தால் சுவிட்சர்லாந்துக்கு வரச் சொல் என்கிறார், ஏனென்றால் அவர்கள் அம்மாவின் ஊர் அது. பின்னால் ஜானும் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்கிறான். தலைப்பில் இருக்கிற ‘வாள்’ இவ்வளவுதான். வாள் சண்டையை எதிர்பார்த்து வாங்கியவன் நான், ஏமாற்றம்தான், ஆனால் 20 பக்கத்துக்குள் மறந்துபோனது.

13, 14 வயதில் எனக்குப் பிடித்தது எடெக். கடத்தல்காரர்களோடு சேர்ந்து நகரத்துக்குள் சாப்பாடு கொண்டுவரும்போது பிடிபட்டு ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்பப்படுகிறான், காசநோயோடு திரும்பி வருகிறான். ரயிலுக்கு அடியில் தொங்கிக்கொண்டு வந்தபோது தெறித்த தண்ணீர் அவன் உடம்போடு சேர்ந்து உறைந்துபோனதை ஒரு சரக்கு வண்டிக்குள் உட்கார்ந்து சொல்லுவான் பாருங்கள், அந்த இடத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது, முறுக்கு தின்றுகொண்டே படித்தது.

படை, பீரங்கி எல்லாம் இந்த நாவலில் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் சூப், ரொட்டி, ஒரு போர்வை, அடுத்த ராத்திரி எங்கே படுப்பது, இதுதான். எழுதியவர் பள்ளி ஆசிரியர், குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்தவர், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்தவர். இதையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டபோது, அதனால்தான் இப்படி எழுத முடிந்தது என்று பட்டது.

2009-ல் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ‘எஸ்கேப் ஃப்ரம் வார்ஸா’ என்று ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. புதுக் கதை என்று நினைத்து வாங்கினேன். முதல் பக்கத்திலேயே பாலிக்கி. ஒரே நாவலுக்கு அமெரிக்காவில் வேறு தலைப்பு (வாங்குகிறவர்கள் கவனிக்க). எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் கடைசிக்குப் போய்ப் பார்த்தேன், புயலுக்கு அப்புறமும் கதை இருந்தது.

அதில்தான் கடைசி அத்தியாயம். குடும்பம் சேர்ந்தாயிற்று, சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் மலைச்சரிவில் அனாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டிய சர்வதேசச் சிறுவர் கிராமத்தில் தங்குகிறார்கள் (நிஜத்திலும் அந்தப் பக்கம் ட்ரோகன் என்ற ஊரில் 1946-ல் ஆரம்பித்த பெஸ்டலோசி சிறுவர் கிராமம் இருக்கிறது). சாதாரணமாக இங்கே ‘சுபம்’ போட்டுவிடுவார்கள். இவர் போடவில்லை. ப்ரோனியா வரைகிற படங்களில் எல்லாம் போர்தான். எடெக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி காசநோய் மருந்தெல்லாம் அப்போதுதான் வர ஆரம்பித்த காலம், மலைக்காற்றும் ஓய்வும்தான் மருந்து. ஜானுக்குத் திருட்டுக் கை சீக்கிரத்தில் அடங்கவில்லை. ரூத்? நிலவறையில் பள்ளிக்கூடம் நடத்தினவள், தம்பி தங்கையை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்தவள், அம்மா கிடைத்ததும் சின்னக் குழந்தையாகிவிடுகிறாள், அம்மா போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டே திரிகிறாள்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் அம்மா நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சமையல், துணி, என் டிபன் பாக்ஸ் எல்லாம் அக்காதான். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பி வந்த அன்றைக்கு ராத்திரி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கினாள், ஒரு மாதம் அப்படித்தான். நானும் தம்பியும் “பாப்பா, பாப்பா” என்று கேலி பண்ணினோம். அந்தப் பக்கங்கள் என் பழைய பிரதியில் இருந்திருந்தால் கேலி பண்ணாமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது, 14 வயதுப் பையன்தானே.

குறைகளும் உண்டு. தற்செயல்கள் கொஞ்சம் அதிகம், போகிற வழியில் எல்லாம் நல்லவர்களாகவே எதிர்ப்படுகிறார்கள். ஆனால் போரில் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த பவேரிய விவசாயி வோல்ஃப், போலந்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சோறு போடுகிற பகுதியை நான் நம்பினேன். நம்ப முடியாதது வேறு. 1940-ல் அதே வார்ஸாவில் மதில் எழுப்பி நான்கு லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை உள்ளே அடைத்தார்கள், அந்த மதில் இந்த நாவலில் இல்லை. நகரம் முழுக்க ஓடியாடித் திரிகிற பிள்ளைகள் கண்ணில் அது எப்படிப் படாமல் போகும்? சிறுவர் நாவல் என்றாலும் இதை என்னால் விட முடியவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதையும் சொல்லுங்கள். ஆங்கிலம் எளிதுதான், அத்தியாயங்கள் சின்னது, ஏழாவது எட்டாவது படிக்கிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம்.

போன மே மாதம் என் பையன் படித்தான், 12 வயது. முழுப் பிரதியைத்தான் கொடுத்தேன். சிம்பன்ஸிக்கு ஜான் சிகரெட் நீட்டுகிற பெர்லின் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் ஜான் அந்தக் கத்தியை எடெக்கின் அம்மாவிடமே கொடுத்து, நீங்கள் எனக்கும் அம்மாவாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற இடத்தில் நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முடித்துவிட்டு, “கடைசி சாப்டர் போரடிக்குதுப்பா, புயலோட நிறுத்தியிருக்கலாம்” என்றான்.

அலமாரியிலிருந்து பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தேன். இப்போது அவன் மேஜையில் இருப்பது அதுதான்.