பீர் காய்ச்சும் கெட்டிலுக்குப் பற்றவைத்த குழாயா, கழற்றி மாட்டும் குழாயா? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான்கு ஆண்டுப் பயன்பாடு

50 லிட்டர் எவர்சில்வர் கெட்டில்கள் இரண்டு. ஒன்றில் டிக் (TIG) வெல்டிங்கில், அதாவது ஆர்கான் வாயுவில் மின்பொறியால், பற்றவைத்த அரை அங்குல கப்ளிங் (குழாயை மாட்டும் மரையுள்ள துண்டு). மற்றதில் ஓ-ரிங் (ஒழுகாமல் அடைக்கும் மெத்தென்ற வளையம்) வைத்து நட்டால் இறுக்கும் ஃபிட்டிங். இரண்டும் ஒரே கேஸ் அடுப்பில்தான் ஓடுகின்றன. வீட்டளவில் காய்ச்சுகிறவர்கள் கழற்றி மாட்டுவதையே முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. அது சிலசமயம் ஒழுகத்தான் செய்யும். ஆனால் ஒரு ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிடத்தில் வீட்டிலேயே சரியாகிவிடும்.

துளையில்தான் பாதி வேலை இருக்கிறது. அரை அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரையின் வெளிவிட்டம் 20.96 மி.மீ.; துளை 21 மி.மீ. போதும். கடைகளில் கிடைக்கும், படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்கள் பெரும்பாலும் 20-இலிருந்து 22-க்குத் தாவும். எனவே 20-இல் நிறுத்தி, மீதியை வட்ட அரத்தால் ராவி, மரை நுழைகிறதா என்று பார்த்துப் பார்த்து அகட்டுங்கள். டிரில்லை மெதுவாகச் சுற்றி, அழுத்தம் கொடுத்து, எண்ணெய் விட்டுக்கொண்டே போக வேண்டும். வேகமாகச் சுற்றினால் எவர்சில்வர் அந்த இடத்திலேயே இறுகிப்போய், டிரில் முனைதான் மழுங்கும். அடிவளைவுக்கு மேலே, சுவர் நேராக இருக்கும் இடத்தில் துளையிடுங்கள். வளைவில் வாஷர் ஒருபோதும் சமமாக உட்காராது. துளையின் பிசிறை இருபுறமும் வழித்துவிடுங்கள். ஓ-ரிங்கை வெட்டுவது பெரும்பாலும் அந்தப் பிசிறுதான்.

ஓ-ரிங்கைக் கெட்டிலின் வெளிப்பக்கம், பள்ளமுள்ள வாஷருக்குள், மரையைக் கவ்வியபடி வைக்க வேண்டும். அப்போது சுவர், மரை இரண்டையும் அது ஒன்றாக அடைக்கிறது. உள்ளே மட்டும் வைத்தால் நட்டின் மரைவழியே மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு கசிந்து வரும். சிலிக்கோன் ஓ-ரிங்தான் வாங்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கறுப்பு ரப்பர் கொதிசூட்டில் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். கையால் இறுக்கியபின் ஸ்பேனரில் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். ஒழுகுகிறதே என்று மேலும் இறுக்கினால் ஓ-ரிங் பிதுங்கி வெளியே வரும், ஒழுக்கு இன்னும் கூடும். அடுப்புச் சுவாலை கெட்டிலின் பக்கவாட்டில் ஏறினால் சிலிக்கோனும் கருகும். குழாய்க்கு நேர் கீழே ஒரு தகட்டை மறைப்பாக வைத்தால் போதும். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஓ-ரிங் மாற்றுகிறோம், கெட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மரை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். தென்னாப்பிரிக்கப் பிளம்பிங் கடைகளில் கிடைப்பது பி.எஸ்.பி.; அமெரிக்காவிலிருந்து வரும் கெட்டில் கிட்டுகளில் என்.பி.டி. என்ற அமெரிக்கக் குழாய் மரை. இரண்டுக்கும் அரை அங்குல அளவில் அங்குலத்துக்கு 14 புரிகள். அதனால் ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று ஏறிவிடும். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. த்ரெட் டேப் எவ்வளவு சுற்றினாலும் அந்தப் பொருத்தம் நம்பத்தக்கதல்ல.

பற்றவைத்த கெட்டிலில் இணைப்பு ஒழுகுவதே இல்லை. அது உண்மையான நிம்மதி. ஆனால் எல்லாம் பற்றவைப்பவர் கையில் இருக்கிறது. உட்புறம் ஆர்கான் வாயு செலுத்தாமல் பற்றவைத்தால் பின்பக்கம் கரடுமுரடாகப் பொங்கிக் கருகிவிடும், அழுக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். டர்பனின் உப்புக்காற்றில், வெல்டிங் சூட்டால் நிறம் மாறிய வளையம்தான் முதலில் பழுப்புக் கறை பிடிக்கிறது. ஆகவே அமிலப் பசையால் அதைச் சுத்தம் செய்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். துளை தவறான உயரத்தில் அமைந்துவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை.

மெல்லிய கெட்டிலுக்கு நடுவழி ஒன்று உண்டு: ஈயமில்லாத, வெள்ளி கலந்த தகரப் பற்று (சால்டர்). அது 220 பாகை செல்சியஸ் சுமாரில் உருகிவிடும். கெட்டில் தண்ணீரின்றிக் காய்ந்தால் குழாய் கையோடு வந்துவிடும். நச்சு உலோகமான காட்மியம் கலந்த வெள்ளிப்பற்றைத் தொடவே கூடாது. பற்றவைக்கப் பூசிய அமிலத்தையும் உடனே கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் எவர்சில்வரில் குழி விழும். அதே காரணத்தால் கெட்டிலைக் கழுவ ப்ளீச் வேண்டாம். வெந்நீரில் கரைத்த சோடியம் பெர்கார்பனேட் என்ற சலவைத்தூள் போதும்.

கல்யாணத்துக்கும் பூசைக்கும் பிரியாணி, பருப்பு பொங்கும் பெரிய அலுமினிய அண்டாவில் காய்ச்ச நினைப்பவர்களுக்குத் தேர்வே இல்லை. எவர்சில்வர் கப்ளிங்கை அலுமினியத்தில் பற்றவைக்க முடியாது. கழற்றும் ஃபிட்டிங் மட்டும்தான். சமையலுக்குத் திருப்பும்போது அதே ஓ-ரிங்கோடு அடைப்பு மரை ஒன்றை மாட்டிவிடலாம்.

எந்த வகையானாலும் நாற்றம் வருவது குழாயைத் திறந்து மூடும் பந்து வால்வுக்குள்ளிருந்துதான். மூடிய பந்துக்கும் வால்வின் உடலுக்கும் நடுவே சாறு தங்கிப் புளிக்கும். பிரித்துக் கழுவக்கூடிய மூன்று துண்டு வால்வாக வாங்கி, ஒவ்வொரு முறையும் அதைப் பாதி திறந்த நிலையில் வைத்துச் சுத்திகரியுங்கள்.

பம்ப், கனத்த குழாய் எல்லாம் தொங்கவிடுகிறவர்கள் மட்டும் பற்றவைப்புக்குப் போகலாம். ஒரு மி.மீ. சுவர் அந்த இழுப்பில் வளைந்து கொடுக்கும், ஓ-ரிங் ஒருபக்கம் தளரும். கழற்றும் வகையிலேயே இருக்க வேண்டுமானால் ஹோஸின் பாரத்தைக் கெட்டிலில் விடாமல் ஒரு முட்டுக்கட்டையில் தாங்கவையுங்கள்.